வெண்டிலேட்டர்: கயிறு கட்டிய குட்டி ஜன்னலின் கதை

வெண்டிலேட்டர் என்றதும் 2020-க்குப் பிறகு எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஆஸ்பத்திரியும் மூச்சுக்குழாயும்தான். ஆனால் அதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே நம் ஊர் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு. ஜன்னலுக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு முழ உயரத்தில் ஒரு கண்ணாடிச் சட்டம். நடுவில் குறுக்காக அச்சு. ஒரு கயிற்றை இழுத்தால் திறக்கும், இன்னொன்றை இழுத்தால் மூடும். பழைய பள்ளிக்கூடம், ரயில்வே குவார்ட்டர்ஸ், தாலுகா ஆபீஸ், தாத்தா வீடு என்று எங்காவது கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் கயிறு அறுந்து, பெயின்ட் ஒட்டி, அசையாமல் நிற்கும் நிலையில்!

சொல்லின் கதை முதலில். 1740களில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், கப்பலின் அடித்தட்டிலும் சிறைச்சாலையிலும் அடைபட்ட காற்றை வெளியேற்ற ஒரு பெரிய துருத்தியை வடிவமைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் வெண்டிலேட்டர். 1743-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். லண்டனின் நியூகேட் சிறைக்கு, காற்றாலை வைத்து ஓடும் ஒன்றைப் பொருத்தினார்கள். ஆக, ஆரம்பத்தில் அது ஒரு இயந்திரம். பிறகு இந்தியாவில் அது ஒரு ஜன்னலானது. கடைசியில் மறுபடியும் இயந்திரமாகிவிட்டது. ஒரே சொல், மூன்று பிறவி.

சரி, ஜன்னலுக்கு வருவோம். அச்சில் சுழலும் பலகை என்பது நமக்குப் புதிதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கல் சிற்பத்துக்குப் பேர் போன ஊர். உளிச்சத்தம் கேட்காத நாள் குறைவு. சிலை மட்டுமல்ல, தூண், படி, நிலை என்று கல்லில் என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் செய்யும் தொழில் அது. பழைய கோயில் கதவுகளைக் கவனித்தால் கீல் இருக்காது. கதவின் ஒரு ஓரத்தில் மேலேயும் கீழேயும் முளை நீண்டிருக்கும். அதற்குப் பெயர் குடுமி. கீழ்க்குடுமி உட்கார கல்லில் ஒரு குழி குடைந்திருப்பார்கள். டன் கணக்கான கதவின் எடை முழுவதும் அந்தக் குழியில் இறங்கிவிடும். அதனால்தான் அவ்வளவு பெரிய கதவையும் ஓரிருவர் சேர்ந்து தள்ளித் திறக்க முடிகிறது. இந்தக் குடுமியைப் படுக்கைவாட்டில் திருப்பி, பலகையின் ஓரத்துக்குப் பதிலாக நடுவில் வைத்தால் கிடைப்பதுதான் வெண்டிலேட்டர்.

அப்படியென்றால் பழைய நாஞ்சில் நாட்டு வீடுகளில் ஏன் அது இல்லை? தேவைப்படவில்லை என்பதுதான் பதில். ஓட்டுக் கூரை சரிந்து இறங்கும். இரண்டு பக்கமும் முக்கோணமாக நிற்கும் முகப்பில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள். சூடான காற்று மேலே ஏறி அந்த இடைவெளி வழியாகப் போய்விடும். இறவாரம் நீண்டு தாழ்ந்திருப்பதால் மழைச்சாரல் உள்ளே வராது. ஆகவே திறந்து மூட எதுவும் வேண்டாம். எப்போதும் திறந்தே இருக்கலாம். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே மந்திரசாலையின் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக வண்ண மைகாத் தகடுகள். வெயிலும் தூசியும் வராது, வெளிச்சம் வரும். மற்ற இடங்களில் மர அழிகள். வெளியே தீயாய்க் காய்ந்தாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். திருவிதாங்கூரின் தலைநகரம் 1795-ல் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிவிட்டது. அரண்மனைக்குள் காற்று மட்டும் இன்றுவரை மாறவில்லை.

கண்ணாடி பதித்த, சுழலும் வெண்டிலேட்டர் வந்தது வேறு வழியில். அது வீட்டுக்காக வந்ததல்ல, பட்டாளத்துக்காக வந்தது என்றே சொல்லலாம். அதன் பின்னால் இருப்பது மரணக் கணக்கு.

1857 கலகத்துக்குப் பிறகு இந்தியாவில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் எண்ணிக்கை பெருகியது. அவர்கள் போரில் செத்ததைவிட பாரக்ஸில் செத்ததுதான் அதிகம். 1859-ல் இதை விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் அமைத்தார்கள். 1863-ல் வந்த அறிக்கை சொன்ன எண்: ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாவு! இது சண்டையில்லாத காலத்துக்கும் சேர்த்த கணக்கு. இருபது வருடம் சர்வீஸ் என்று வைத்தால், ஒரு சிப்பாய் உயிரோடு ஊர் திரும்புவதைவிடத் திரும்பாமல் போவதற்கே வாய்ப்பு மிக அதிகம். அந்த அறிக்கைக்காக வந்து குவிந்த காகிதங்களை ஒரு பெண்மணி லண்டனில் உட்கார்ந்து படித்து, தன் கருத்துக்களைத் தனியாக எழுதினார். விளக்கேந்திய சீமாட்டி என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அதே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல்தான். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராதவர். நெருக்கியடித்த படுக்கைகள், வடிகால் இல்லாமை, அழுக்குத் தண்ணீர், காற்றோட்டமில்லாத அறைகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

இங்கே ஒரு வேடிக்கை. அவர்கள் நம்பிய தத்துவம் தப்பு. கெட்ட காற்றே நோயை உண்டாக்குகிறது என்று அப்போது நினைத்தார்கள். கிருமி பற்றிய அறிவு பிறகுதான் நிலைபெற்றது. தத்துவம் தப்பானாலும் மருந்து பெரும்பாலும் சரி. கூட்டமாகப் படுக்கும் அறையில் காற்று மாறிக்கொண்டே இருந்தால் காசநோய் பரவுவது குறையும். காரணம் தெரியாமலே கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஆனால் கதவைத் திறப்பதிலேயே ஒரு சிக்கல். கீழ் ஜன்னலைத் திறந்தால் காற்று நேராகப் படுக்கையில் அடிக்கும். தூங்குகிறவன் எழுந்து மூடிவிடுவான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்! ஆகவே தூங்குகிறவன் கைக்கு எட்டாத உயரத்தில், அவன் மேல் அடிக்காமல், காற்று வந்து போக ஒரு வழி வேண்டும். 1850களில் தோன்றிய பொதுப்பணித்துறை அடுத்தடுத்த பத்தாண்டுகளில் கட்டிய பாரக்ஸ், ஆஸ்பத்திரி, டாக் பங்களா, கச்சேரிக் கட்டடங்களில் அந்த வழி ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. உயரமான சுவர், கூரையை ஒட்டி வரிசையாகச் சின்ன ஜன்னல்கள், ஒவ்வொன்றிலிருந்தும் தொங்கும் நீளக் கயிறு. அங்கிருந்து அது மிஷன் பள்ளிக்கும், தலைமையாசிரியர் வீட்டுக்கும், வசதியான வக்கீல் வீட்டுக்கும் இறங்கி வந்தது. கவர்மெண்ட் கட்டடத்தில் இருப்பது எதுவாயினும் அது கௌரவம் அல்லவா!

இனி ஆசாரியின் பிரச்சினைக்கு வருவோம். பார்க்கச் சின்னதாக இருந்தாலும், ஒரு நல்ல சுழல் வெண்டிலேட்டரைச் செய்வது சாதாரண ஜன்னல் கதவைச் செய்வதைவிடக் கஷ்டம்.

ஏன் நடுவில் அச்சு? ஓரத்தில் கீல் போட்டால் சட்டத்தின் முழு எடையும் ஒரு பக்கமாகத் தொங்கும். பத்தடி உயரத்தில் இருக்கும் அதைக் கீழிருந்து கயிற்றால் தூக்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் டமார் என்று விழுந்து கண்ணாடி உடையும். நடுவில் அச்சு வைத்தால் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், தராசு மாதிரி. சுண்டுவிரலால் இழுத்தாலும் அசையும். கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் உள்ளே நின்றே துடைக்கலாம் என்பது உபரி லாபம்.

எந்தப் பக்கம் சுழல வேண்டும்? மேல் பாதி உள்ளேயும் கீழ் பாதி வெளியேயும் போக வேண்டும். அப்போது திறந்த கண்ணாடி வெளிப்பக்கமாகச் சரிந்து நிற்கும். மழை விழுந்தால் வழிந்து வெளியே போய்விடும். மாற்றிப் பொருத்திவிட்டால் ஓட்டிலிருந்து விழும் தண்ணீரை ஏந்தி நேராக அறைக்குள் ஊற்றும். தலைகீழாக மாட்டிய வெண்டிலேட்டர் ஒரு மழையிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையான வித்தை இருப்பது பீடிங்கில். சாதாரண ஜன்னலில், கதவு வந்து முட்டி நிற்க நிலையைச் சுற்றி ஒரு பட்டி இருக்கும். சுழலும் சட்டத்துக்கு அப்படிச் சுற்றிலும் ஒரே பக்கமாகப் பட்டி அடித்தால் அது சுழலவே சுழலாது. மேல் பாதி உள்ளே வருவதால் அதற்கு உள்பக்கத்தில் தடை இருக்கக் கூடாது. கீழ் பாதி வெளியே போவதால் அதற்கு வெளிப்பக்கத்தில் தடை இருக்கக் கூடாது. ஆனால் மூடியிருக்கும்போது எல்லாப் பக்கமும் அடைபட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாரல் வரும். என்ன செய்வது? ஒவ்வொரு பட்டியையும் அச்சுக்கு நேராக இரண்டாக வெட்டுவார்கள். உள்பட்டியில் மேல் துண்டு சட்டத்தோடு, கீழ்த் துண்டு நிலையோடு. வெளிப்பட்டியில் நேர்மாறாக, மேல் துண்டு நிலையோடு, கீழ்த் துண்டு சட்டத்தோடு. சட்டம் சுழலும்போது அதோடு சேர்ந்த துண்டுகளும் போய்விடும், மூடும்போது வெட்டிய முனைகள் வந்து ஒன்றுசேரும். அந்த வெட்டுச் சரிவாக இருக்க வேண்டும். நேராக வெட்டினால் முனை முனையில் இடிக்கும். சரிவு கொஞ்சம் கூடினால் இடைவெளி விழும். எத்தனை சரிவு என்பது பட்டியின் கனத்தையும் எவ்வளவு தூரம் திறக்க வேண்டும் என்பதையும் பொறுத்தது. நல்ல ஆசாரி அதைத் தாளில் வரைந்து பார்ப்பதைவிட, சட்டத்தைத் தற்காலிகமாக மாட்டிச் சுழற்றிப் பார்த்தே குறித்துவிடுவார்.

அச்சை மிகச்சரியாக நடுவில் வைக்கலாமா? இதில் இரண்டு கட்சி. பழைய மரவேலைப் பழக்கத்தில் அச்சை நடுவுக்கு ஓர் அங்குலம் போல மேலே வைப்பார்கள். கீழ் பாதி சற்றுக் கனமாகிவிடும், கயிற்றை விட்டால் தானாக மூடிக்கொள்ளும். மழை வரும்போது மறந்து போனாலும் பயமில்லை. இரண்டாவது கட்சி இரும்பு ஜன்னல்காரர்கள். ஐ.எஸ். 1038 என்ற இந்தியத் தர நிர்ணயம், இரும்புக் கதவு, ஜன்னல், வெண்டிலேட்டர் மூன்றுக்கும் சேர்த்து எழுதப்பட்டது. அதன்படி நடு அச்சு வெண்டிலேட்டர், பித்தளை அல்லது வெண்கலக் கிண்ண அச்சுகளில் மாட்டப்பட்டு சுமார் 85 டிகிரி வரை சுழல வேண்டும். எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்படி எடை சமமாக இருக்க வேண்டும். மேல் சட்டத்தின் நடுவில் ஒரு ஸ்பிரிங் தாழ்ப்பாள். ஆக, ஒரு கட்சி மறதிக்காரனை நினைத்து வடிவமைத்தது, மற்றது கவனமானவனை நினைத்து. நம் வீடுகளுக்கு முதல் கட்சிதான் சரி என்று தோன்றுகிறது!

ஆனால் காற்று என்று ஒன்று இருக்கிறதே, அது இரண்டு கட்சிக்கும் அடங்காது. பாடப்புத்தகத்தில், சூடான காற்று மேலே ஏறி வெண்டிலேட்டர் வழியாக வெளியே போகும் என்று படம் போட்டிருப்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த விசை எவ்வளவு? கீழ் ஜன்னலுக்கும் வெண்டிலேட்டருக்கும் 2 மீட்டர் உயர வித்தியாசம், உள்ளுக்கும் வெளிக்கும் 5 டிகிரி வெப்ப வித்தியாசம் என்று வைத்தால் கிடைப்பது சுமார் 0.4 பாஸ்கல் அழுத்தம். வெளியே மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரணக் காற்று வீசினால் அது சுமார் 15 பாஸ்கல். முப்பத்தைந்து மடங்குக்கும் மேல்! அதாவது காற்றில்லாத ராத்திரியில் வெண்டிலேட்டர் புத்தகத்தில் உள்ளபடி நடக்கும். காற்றடிக்கும் நாளில், எந்தச் சுவரில் இருக்கிறதோ அதைப் பொறுத்து, வெளியேற்றும் வழியே உள்ளே வரும் வழியாகிவிடும்.

மயிலாடிப் பக்கத்தில் இது வெறும் கணக்கல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நுழைந்து வேகமெடுக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆனி, ஆடியில் மேற்கே பார்த்த வெண்டிலேட்டரைத் திறந்து வைத்தால் வீடு முழுக்கப் புழுதி. கிழக்கே பார்த்ததைத் திறந்தால் வீட்டுக் காற்று இழுபட்டு வெளியே போகும். ஐப்பசியில் வடகிழக்கு மழை வரும்போது எல்லாம் தலைகீழ். இரண்டு பருவமழையும் கிடைக்கும் ஊரில், எப்போதும் திறந்திருக்கும் ஓட்டையும் உதவாது, எப்போதும் மூடியிருக்கும் கண்ணாடியும் உதவாது. திருப்பக்கூடிய ஒன்றுதான் வேண்டும்.

இன்னொரு தொல்லை. நடுவில் அச்சு வைத்த தட்டு, காற்றோட்டத்துக்கு இணையாக நிற்கும்போது நிலையாக நிற்காது. கொஞ்சம் சாய்ந்ததும் காற்று அதைக் குறுக்கே திருப்பி நிறுத்தப் பார்க்கும். மேலிருந்து நழுவவிட்ட சீட்டுக்கட்டின் சீட்டு படபடவென்று புரண்டு விழுவதும் இதனால்தான். முழுக்கத் திறந்த வெண்டிலேட்டர் பலத்த காற்றில் தானாக அறைந்து மூடும். அதற்குத்தான் இரண்டு கயிறு, சுவரில் ஒரு கொக்கி. ஒரு கயிறு அறுந்தால் ராத்திரியெல்லாம் தட்டிக்கொண்டே இருக்கும். தட்டல் தாங்காமல் யாராவது ஆணி அடித்துவிடுவார்கள். பல வெண்டிலேட்டர்களின் ஆயுள் அந்த ஆணியோடு முடிந்தது.

இந்தப் பிரச்சினைகளையெல்லாம் வேறு கோணத்தில் தீர்த்த ஒரு கட்டடம் புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்தவர். டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஃபிராங்க் லாயிட் ரைட்டோடு ஜப்பான் போய் அங்கேயே தங்கித் தொழில் செய்தவர். அவர் அலுவலகத்திலிருந்து 1937-ல் புதுச்சேரிக்கு வந்து வேலையைக் கவனித்தவர் ஜார்ஜ் நகஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்க இளைஞர். இவர்களோடு பிரான்ஸுவா சம்மர். பணம், நிஜாம் அரசின் பெரிய பதவியிலிருந்த சர் அக்பர் ஹைதரி வழியாக ஹைதராபாத்திலிருந்து வந்தது. கோல்கொண்டா என்ற பெயருக்குக் காரணம் அதுதான்.

அந்தக் கட்டடத்தில் கண்ணாடி ஜன்னலே கிடையாது! வடக்கு, தெற்கு முகப்புகள் முழுக்க, தரையிலிருந்து மேல்வரை, ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் செய்த அகலமான பட்டைகள். ஒவ்வொன்றும் படுக்கை அச்சில் சுழலும். ஒரு தொகுதியை ஒரு பித்தளைக் கைப்பிடியால் சேர்த்துத் திருப்பலாம். ஒரு பெரிய வெண்டிலேட்டரை நூறு சின்ன வெண்டிலேட்டராக வெட்டியது போல. பட்டை சிறியதாக இருப்பதால் காற்று அதைப் புரட்டும் பலமும் குறைவு, உள்ளே நீட்டிக்கொண்டு நிற்பதும் குறைவு. அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே தேக்குச் சட்டங்களாலான தள்ளு கதவு. மூடினாலும் சந்து வழியாகக் காற்று போகும், ஆள் தெரியாது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் உலகப்போர் வந்துவிட்டது. சாமான் தட்டுப்பாடு. ஆசிரமத்துப் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அச்சும் கைப்பிடியும் வார்த்தார்கள் என்று சொல்வார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குக் கெடுதி என்பதால் இன்று அதே பொருளை யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். ஆனால் யோசனை இன்றும் பழசாகவில்லை. ரேமண்டும் நகஷிமாவும் கட்டடம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள். அமெரிக்கா திரும்பிய நகஷிமாவை 1942-ல் ஜப்பான் வம்சாவளி என்பதற்காக முகாமில் அடைத்தார்கள். அடுத்த வருடம் அவரை வெளியே கொண்டுவர உதவியவர் இதே ரேமண்ட். பின்னாளில் நகஷிமா உலகப் புகழ்பெற்ற மரவேலைக் கலைஞரானார்.

1950களில் சண்டிகரில் லெ கொர்புசியே இன்னொரு வழி கண்டுபிடித்தார். வெளிச்சமும் காற்றும் ஒரே ஜன்னல் வழியாக ஏன் வர வேண்டும்? கண்ணாடியை அசையாமல் பதித்துவிட்டார். பக்கத்தில் தரையிலிருந்து கூரைவரை ஒல்லியான ஒரு பலகை, செங்குத்து அச்சில் சுழலும். அதை ஒட்டிக் கொசுவலை. கயிறு வேண்டாம், கை எட்டும், கொசுவும் வராது. நம் பழைய கோயில் கதவின் குடுமிக்குத் திரும்பி வந்துவிட்டோம் பாருங்கள்.

கொசுவலை என்றதும்தான் நம் வெண்டிலேட்டரின் பலவீனம் தெரிகிறது. அதன் ஒரு பாதி உள்ளே நீட்டும், மறு பாதி வெளியே நீட்டும். வலையை எந்தப் பக்கம் அடித்தாலும் இடிக்கும். திருடனுக்குக் கம்பி போடவும் அதே தகராறு. கம்பியை வெளியே தள்ளிப் பொருத்தலாம், பார்க்க நன்றாக இருக்காது. அதனால் மேல் ஓரத்தில் கீல் வைத்து வெளியே மட்டும் திறக்கும் சட்டம் மெல்ல மெல்ல இதன் இடத்தைப் பிடித்தது. பிறகு அதுவும் போய், மூடவே முடியாத சிமெண்ட் ஜாலி வந்தது.

இது எப்போது நடந்தது என்பதுதான் சோகம். ஓட்டு வீடுகள் போய் கான்கிரீட் வீடுகள் பெருகிய காலம் அது. முகப்பு இடைவெளி போயிற்று, இறவாரம் போயிற்று. வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்ளும் தட்டையான மேல்தளம் வந்தது. வெண்டிலேட்டர் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அது ஒரு ஓட்டையாகச் சுருங்கியது. அப்புறம் ஏ.சி. வந்ததும் அந்த ஓட்டையையும் தெர்மாகோலும் செய்தித்தாளும் வைத்து அடைத்தார்கள். இப்போதைய தள்ளு ஜன்னல்களில் எப்படித் தள்ளினாலும் பாதிக்கு மேல் திறக்காது. மேலே எதுவும் இல்லை.

2020-ல் தொற்று வந்தபோது உலகம் முழுவதும் மறுபடி ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். அது காற்றில் பரவுகிறது என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. வகுப்பறையில் குறுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று அறிவுரைகள் வந்தன. பழைய அரசுப் பள்ளிகளில், மிஷன் பள்ளிகளில் அதற்கான ஏற்பாடு ஏற்கெனவே சுவரில் இருந்தது. ஆணியைப் பிடுங்க வேண்டியதுதான் பாக்கி.

அப்படிப் பிடுங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். அசையாத மரச்சட்டம் பெரும்பாலும் உப்பியிருக்காது, பெயின்ட்தான் பீடிங்கின் சந்தில் ஒட்டியிருக்கும். கத்தியால் அந்தச் சந்தைச் சுற்றிக் கீறிவிட்டு, மேல் பாதியை உள்ளே இழுக்க வேண்டும். வெளியே தள்ளினால் பீடிங் பெயர்ந்துவிடும். கண்ணாடியை ஒட்டிய மக்கு காய்ந்து போயிருந்தால் முதலில் அதைப் பார்ப்பது நல்லது. கயிறு பருத்தியில் போட்டால் இரண்டு வருடத்தில் அறும், நைலான் தாங்கும்.